உறியில தொங்கின போனும் தலையில்லாத முள்ளும்

எங்க ஊருல போனு ஆளுகூட வராது. ஆளுதான் போனு இருக்கற எடத்துக்குப் போகோணும்.

மலைமேல திண்ணனூர் நாட்டுல ரோட்ட விட்டு எறங்கி, ஒத்தையடித் தடத்துல மொளகுக் கொடிக்குள்ள பூந்து வந்தா எங்க நாலஞ்சு ஊடு. ஒவ்வொரு ஊட்டுக்கும் டவரு கெடைக்கற எடம் ஒண்ணு உண்டு. மேல ஊட்டுக்காரனுக்குப் பலாமரத்துக் கவட்டை. பக்கத்து ஊட்டுக்காரிக்கு ஆட்டுப்பட்டிச் செவுரு. அவ மகன்கிட்டப் பேசறப்ப ஆடும் சேந்து பேசும். எங்க ஊட்டுக்குப் பொறவாசல். அங்கயும் கையில வெச்சிருந்தா வராது, தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாத்தான் வரும். எத்தன நேரந்தான் கையத் தூக்கிட்டு நிக்கறது, சாமி வந்தவ மாதிரி? அதனால தயிருச்சட்டி தொங்கவிடற உறியக் கழட்டிக் கொண்டாந்து, பொறவாசல் எறவாணத்துல கட்டி, அதுக்குள்ள போன ஒக்கார வெச்சுட்டேன். மணி அடிச்சா உரலுமேல ஏறி நின்னு பேசுவேன். பேசி முடிஞ்சா எறங்கிருவேன். ஊருல அல்லாரும் கேப்பாங்க, முட்டி வலிக்கலையான்னு. எனக்கு முட்டி வலியில்லைங்க, முட்டிக்குத்தான் என்னால வலி.

அந்த உறியிலதான் என்ற பேத்தியோட பொழப்பு கொஞ்ச நாளு தொங்குச்சு. அதத்தான் சொல்ல வாரேன்.

பேத்தின்னா மக வயித்துப் பேத்தி. பெங்களூருல கம்ப்யூட்டரு ஆபீஸ்ல வேலை. போனுக்குள்ள இருக்கற ஆப் எல்லாம் செய்யறது அவ வேலை. பொண்ணு பொறந்து, ஆபீஸ்ல குடுத்த லீவும் முடிஞ்சு, புள்ளைய யாருகிட்ட உடறதுன்னு முழிச்சுட்டு நின்னா. என்ற மக கீழ நாட்டுல, படுத்த படுக்கையா இருக்கற மாமியாரப் பாத்துக்கிட்டு இருக்கறா. அங்க போனா ஒருத்தி ரெண்டு பேரத் தூக்கோணும். அதனால பேத்தி கொழந்தையக் கூட்டிக்கிட்டு நேரா மலை ஏறி வந்துட்டா. "அம்மாயி, இங்கிருந்தே வேலை செய்யறேன்"னு சொன்னா.

"இங்க என்ன வேலை இருக்குது, குச்சிக்கெழங்கு புடுங்கற வேலைதான இருக்குது"ன்னேன்.

"இல்ல அம்மாயி. நெட் இருந்தாப் போதும்."

அவ போனுல நெட்டு வரல. அவ புருசன் போனுலயும் வரல. என்ற ஓட்டப் போனு, உறியில தொங்கறதே, அதுலதான் வந்துச்சு. அதுலருந்து காத்துலயே நெட்ட இழுத்து அவ கம்ப்யூட்டருக்கு வாங்கிக்கலாமாம். அன்னிக்கே என்ற போனுக்கு வேலை கெடைச்சுருச்சு. எனக்குத்தான் போனு போயிருச்சு. வெடியால அவ கம்ப்யூட்டரத் தொறந்தா, பொழுது சாயற வரைக்கும் உறியில கை வைக்கப்படாது. யாராச்சும் கூப்பிட்டா உரலுமேல ஏறி, போன எறக்காம, அண்ணாந்து பாத்துக்கிட்டே பேசோணும். பாக்கறவனுக்கு நான் ஓட்டுல இருக்கற பூனைகூடப் பேசற மாதிரித்தான் தெரியும்.

பேத்தி புருசன் பெங்களூருலயே வேலையில இருக்கறான். சனிக்கெழமை பஸ்ஸேறி வருவான். ஒவ்வொரு கொண்டையூசி வளைவுக்கும் ஒருக்கா வாந்தி எடுத்து, மேல வந்து சேர்றப்ப ஆளு வெளுத்துப்போயிருவான். சோறு ஆக்கி வெச்சா, மோந்துகூடப் பாக்க மாட்டான். அவனுக்குன்னே எலுமிச்சங்காயி பறிச்சு வெச்சிருப்பேன். நல்ல பையன். மொத வாரம் வந்தப்பவே என்ற போன உறியிலருந்து எடுத்துப் பாத்து, "அம்மாயி, இந்த எழுத்து உங்களுக்குத் தெரியுதா?"ன்னு கேட்டான்.

"எழுத்து தெரியுது. என்ன எழுத்துன்னுதான் தெரியல"ன்னேன்.

ரெண்டாங்கிளாசு வரைக்கும் போனவ நான். அதுக்கு மேல ஆடு என்னைய உடல. ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவிப் படிப்பேன். அவன் சிரிச்சுக்கிட்டே எதையோ அமுக்கி, எழுத்தையெல்லாம் எவ்வளவு பெருசு ஆக முடியுமோ அவ்வளவு பெருசாக்கிக் குடுத்தான். அப்பறம் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காயாட்டம் ஒக்காந்திருந்துச்சு. இத இப்பச் சொல்லி வெச்சுக்கறேன், பொறவு வேண்டியிருக்குது.

இப்பப் பேத்தி செஞ்ச ஆப்பு என்னன்னு சொல்றேன். கெழவன் கெழவிகளுக்கு மாத்திரை ஞாபகப்படுத்தறது. போனுல வட்டமா கடிகாரம் மாதிரி ஒண்ணு வரும். அதுல ஒரே ஒரு முள்ளு. மாத்திரை சாப்புடற நேரத்துக்கு முள்ளு சாஞ்சு நிக்கும். முள்ளோட சேந்து, நுனி வரைக்கும், வெத்தல மாதிரி ஒரு எலை. எலையில மாத்திரை பேரும், எத்தனைன்னும் எழுதியிருக்கும். சாப்ட்டுட்டு, செவப்பா இருக்கற அந்த எலையத் தொட்டா பச்சையா மாறிரும். தொடலைன்னா மகனுக்கோ மகளுக்கோ போயிச் சொல்லிரும். "நல்லா கோள்மூட்டுது"ன்னு சொன்னேன்.

ரெடிமேடா கெடைக்கற முள்ளு, பட்டன் எல்லாம் உண்டாமா. ஆனா இந்த முள்ளும் எலையும் அவளே அளவெடுத்துத் தெச்சது. அதுக்குக் 'கஸ்டம் வியூ'ன்னு சொன்னா. கடையில வாங்கற சட்டை இல்ல, டைலரு தெச்ச சட்டைன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். டைலரு தெச்சது பொருந்தலைன்னா டைலரத்தான புடிப்பாங்க? அதான் நடந்துச்சு.

எங்கயோ கீழ ஒரு பெரியவரு அரை மாத்திரை சாப்புட வேண்டியவரு முழு மாத்திரை சாப்ட்டு, தலைசுத்திப் படுத்துக்கிட்டாராம். பெருசா ஒண்ணும் ஆகல, எளநி குடிச்சு எந்திரிச்சுட்டாரு. ஆனா அவரு மகன் ஆபீஸுக்கே போனப் போட்டு, "உங்க ஆப்புல அரைன்னே காட்டல"ன்னு கத்தியிருக்கறான். அதே மாதிரி இன்னும் சில பேரு. எலையோட ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியுதுன்னு சொன்னாங்களாம்.

இவ தன்ற போனுல பாத்தா எலை முழுசா இருக்குது. முள்ளச் சாச்சுப் பாத்தா. நிமித்திப் பாத்தா. போனத் திருப்பிப் பாத்தா. எங்கயும் வெட்டு இல்ல. ஆபீஸ்ல இருக்கற பசங்க போனுலயும் இல்ல. இல்லாத நோவுக்கு என்ன மருந்து குடுப்பா? எதையெதையோ மாத்தி அனுப்புனா. ஒவ்வொரு தடவையும் "இன்னும் வெட்டுது"ன்னே பதிலு வந்துச்சு.

அவளுக்கு மேல ஆபீஸ்ல ஒரு மேடம். தமிழ்க்காரங்கதான். நல்லவங்கதான், ஆனா பேச்சு சுருக்கு. ஒருநாளு பேசி முடிச்சுட்டுப் பேத்தி வந்து அடுப்படியில ஒக்காந்தா. நான் சாமை பொடைச்சுக்கிட்டு இருந்தேன். கொழந்தை மொறத்துல கைய உட்டு அள்ளிக்கிட்டு இருந்துச்சு.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணலைன்னா, திங்கக்கெழமை ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க அம்மாயி. மலையில ஒக்காந்து செஞ்சா இப்பிடித்தான் ஆகும், இங்க வந்து எல்லார்கூடவும் ஒக்காந்து செய்யுன்னுட்டாங்க."

"போனா என்ன, போயிச் சரி பண்ணிட்டு வா."

"ஒருக்காப் போனா அப்பறம் அங்கதான். பாப்பாவக் கிரெச்சுல உடோணும். வெடியால உட்டா பொழுதோடதான் தூக்க முடியும்."

அதச் சொல்றப்ப அவ கொழந்தையப் பாக்கல. மொறத்தப் பாத்துக்கிட்டே சொன்னா. கொழந்தை எங்க மொகத்த மாத்தி மாத்திப் பாத்துட்டு, ஒரு பிடி சாமைய அவங்கம்மா மடியில போட்டுச்சு. பெரிய தானக்காரி.

புதன்கெழமை மத்தியானம் காத்தும் மழையும் சேந்து அடிச்சுது. கரண்டு போச்சு. கூடவே டவரும் போச்சு. இங்க ரெண்டும் அண்ணந் தம்பி மாதிரி, ஒண்ணு போனா இன்னொண்ணும் பின்னாலயே போயிரும். பேத்தி கம்ப்யூட்டர மூடி வெச்சுட்டு, ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு ஒக்காந்தா. சாரல் அடிக்குதேன்னு நான் உரலுமேல ஏறி, உறியிலருந்து போன எறக்கிக் கொண்டாந்தேன். எத்தனையோ நாளைக்கப்பறம் பட்டப்பகல்ல என்ற போனு என்ற கையில.

"ஏங்கண்ணு, நெட்டுதான் இல்லையே. சித்த நேரம் எனக்கு ஏதாச்சும் வெளையாட்டுக் காட்டேன்."

"நெட் இல்லாம என்னத்தக் காட்டறது?"

"உன்ற முள்ளக் காட்டு. ஊருல இருக்கற கெழவிகளுக்கெல்லாம் செய்யறே, சொந்தக் கெழவிக்கு ஒண்ணுமில்லையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒரு வயர எடுத்து கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் மாட்டி ஆப்ப ஏத்துனா. என்ற பிரசர் மாத்திரையவே அதுல போட்டா. டாக்டரம்மா எனக்கு எழுதிக் குடுத்தது வெடியால எட்டு மணிக்கு அரை மாத்திரை. அதையே எழுதிட்டுக் கொழந்தைக்கு இட்டிலி பெசையப் போயிட்டா.

நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தடவித் தடவிப் படிச்சேன். முள்ளு எடப்பக்கம் சாஞ்சு நின்னுச்சு. எலை நல்லாத்தான் இருந்துச்சு, நுனி மட்டும் ஆடு கடிச்ச மாதிரி.

"ஏங்கண்ணு, டாக்டரம்மாவுக்கும் உனக்கும் சண்டையா?"

"ஏன் அம்மாயி?"

"அவங்க பாதி மாத்திரைங்கறாங்க. உன்ற போனு முழுசா முழுங்குங்குது. என்னையச் சீக்கிரம் அனுப்பிப்போட்டு ஊட்ட எழுதி வாங்கலாம்னு பாக்கறயா? ஓடு எல்லாம் ஒழுகுது, சொல்லிப்போட்டேன்."

இட்டிலி பெசஞ்ச கையோட ஓடி வந்தா. போன வாங்கிப் பாத்தா. அப்பறம் "அம்மாயி!"ன்னு ஒரு கத்து. கொழந்தை பயந்து அழுதுருச்சு. இவ அதுக்கும் சிரிக்கறா. என்ற கன்னத்துல ஒரு முத்தம் குடுத்தா, மூஞ்சியெல்லாம் இட்டிலி.

விசயம் இதுதான். அவ முள்ளுக்கும் எலைக்கும் சேத்து ஒரு பொட்டி கட்டியிருக்கறா. அந்தப் பொட்டிக்குள்ளதான் அது வரைஞ்சுக்கலாம். பொட்டிய விட்டு வெளிய போச்சுன்னா, போனு கத்திரிய வெச்சு வெட்டிப்போடும். அதுதான் அதுக்கு எல்லை. இந்தப் பொட்டி ஒசரமா, ஒடுக்கமா, ஆணியடிச்ச மாதிரி ஒரே அளவு. எழுத்து சின்னதா இருந்தாச் சாஞ்சாலும் உள்ளயே இருக்கும். எழுத்து பூசணிக்காயா ஆச்சுன்னா எலை நீளமாயிருது. நிமுந்து நின்னா தப்பிச்சுரும், சாஞ்சாப் பக்கவாட்டுல இடிக்கும். எடப்பக்கம் சாயறப்ப மொத வார்த்தைதான் நுனியில நிக்கும். அதனால வெட்டுப்படறது 'அரை'.

"சின்னப் பசங்க போனுல எல்லாம் எழுத்து சின்னது அம்மாயி. யாரு பாத்தாலும் தெரியல. வயசானவங்க போனுல மட்டுந்தான் எழுத்து பெருசு. நான் செய்யறதே வயசானவங்களுக்கு. அவங்க போனு இத்தன நாளா என் தலைக்கு மேலயே தொங்கிட்டு இருந்திருக்கு. நெட் போயிரும்னு நான் தொடவே இல்ல!"

"நானும் தொடலியே. நீதான் உடலியே"ன்னேன்.

அப்பறம் ரெண்டு நாளு எங்க ஊட்டுல முள்ளுதான் பேச்சு. மழை விட்டு டவரு வந்தாலும் போன உடனே உறியில ஏத்தல. கொஞ்ச நேரம் உறியில, கொஞ்ச நேரம் என்ற கையில. நான் தொட்டுப் பாத்துச் சொல்லோணும், அவ திருத்தோணும்.

மொதல்ல அவ ஒரு வேலை செஞ்சா. 'வெளிய போனாலும் வெட்டாதே'ன்னு போனுக்குச் சொல்லிப்போட்டா. ஒரே வரிதானாம். உடனே எலை முழுசா வந்துருச்சு. 'அரை பிரசர் மாத்திரை'ன்னு கொழுகொழுன்னு நின்னுச்சு. "முடிஞ்சுதா? பாயாசம் வெக்கட்டா?"ன்னேன்.

"தொட்டுப் பாருங்க."

நுனியத் தொட்டேன், 'அரை' மேலயே. ஒண்ணும் ஆகல. இன்னொருக்கா தொட்டேன். குத்துனேன். எலை அசையாமக் கெடந்துச்சு. நடுவுல தொட்டாப் பச்சையாச்சு. நுனியில தொட்டா இல்ல.

"பொட்டிக்கு வெளிய வரையறதுக்குத்தான் உட்டேன். வெளிய தொட்டாக் கேக்காது"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டா. பத்தாததுக்கு அந்த எலை பக்கத்துல இருந்த இன்னொரு மாத்திரை பேரு மேல போயிப் படுத்துக்கிச்சு.

எனக்கு அப்பத்தான் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இது உன்ற அப்புச்சியேதான்"ன்னேன்.

அப்புச்சின்னா என்ற ஊட்டுக்காரரு. அவரு போயி வருசம் ஆச்சு. பனமரத்துல பாதி ஒசரம். கல்யாணமான புதுசுல எங்களுக்கு இருந்தது ஒத்த அறைக் குடிசை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் நெல்லுக்குதிரு. நேராப் பாய் விரிச்சாக் காலு அடுப்புக்குள்ள போயிரும். அதனால பாயக் கோணையா விரிச்சுப் படுப்பாரு. தலை மூலையில, காலு வாசப்படிக்கு வெளிய. பனி பெய்யுற மாசத்துல எங்க நாயி வந்து அந்தக் காலு மேல படுத்துக்கும். போர்வையவிட இது தேவலைன்னு சொல்லுவாரு. ஒருநாளு கோழி வந்து அவரு கட்டைவிரலக் கொத்துது, கொத்திக்கிட்டே இருக்குது, மனுசன் உள்ள கொறட்டை விட்டுக்கிட்டு இருக்கறாரு. வெளிய இருக்கற காலுக்கும் உள்ள இருக்கற ஆளுக்கும் தொடுப்பே இல்ல.

பேத்தி சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணத் தொடைச்சுக்கிட்டா. அப்புச்சிய அவளுக்கு நெனப்பு இருக்குது. அவரு தோளுமேல ஒக்காந்து மாம்பழம் சாப்ட்டவதான். சாறெல்லாம் அவரு தலையில ஒழுகும்.

"அப்பறம் என்ன பண்ணுனாரு அம்மாயி?"

"என்ன பண்ணுனாரு, உங்கம்மா பொறந்தா. தொட்டில் கட்ட எடம் இல்ல. அப்பத்தான் செவுத்த இடிச்சு ஊட்டப் பெருசாக்குனாரு. அவரு காலுக்காக ஆக்கல. தன்ற காலப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல."

தூளியில கொழந்தை தூங்குச்சு. அதப் பாத்துட்டுப் பேத்தி மறுபடியும் கம்ப்யூட்டரத் தொறந்தா.

சரியான வழி என்னன்னு அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். கணக்கு நீளம்னு தள்ளிப்போட்டுக்கிட்டு இருந்திருக்கறா. ஆணியடிச்ச பொட்டிய எடுத்துப்போட்டு, மொதல்ல எழுத்து எத்தன பெருசுன்னு அளக்கோணும். அப்பறம் எலை நீளம். அப்பறம் அது சாஞ்சு நின்னா மூலைக்கு மூலை எத்தன எடம் புடிக்கும்னு பாக்கோணும். அந்த அளவுக்குப் பொட்டி கேக்கோணும். அதுவும் கேட்டதெல்லாம் கெடைக்காது. போனு அகலம்னு ஒண்ணு இருக்குதே, அதுக்கு மேல யாராலயும் வரைய முடியாது. அதனால பொட்டி பத்தலைன்னா முள்ளு தன்னைத்தானே கொஞ்சம் குட்டையாக்கிக்கோணும். இத்தனையும் அவ எனக்கு வெளக்கமாச் சொன்னா. நான் தலைய ஆட்டுனேன். பாதிதான் புரிஞ்சுது. மீதி வெட்டுப்பட்டுப் போச்சு.

வெள்ளிக்கெழமை வெடியால எழுதி முடிச்சா. என்ற போனுல ஏத்துனா. எலை முழுசு. நுனியில தொட்டேன், பச்சை. அடியில தொட்டேன், பச்சை. முள்ளு எட்டுக்குச் சாஞ்சாலும், நாலுக்குச் சாஞ்சாலும், அது பாட்டுக்கு நின்னுச்சு. பேத்தி என்ற தோளுல தலைய வெச்சுக்கிட்டா.

பதினோரு மணிக்கு மேடம் பாப்பாங்க. கம்ப்யூட்டருல மொகம் பாத்துப் பேசறது. பேத்தி அவ போனுலயும் எழுத்தப் பெருசாக்கி வெச்சு, அதையே காட்டலாம்னு இருந்தா. மேடம் ஒத்துக்கல. "எந்தப் போன்ல வெட்டுச்சோ அதையே காட்டு. அந்த அம்மாவே தொட்டுக் காட்டட்டும்"னுட்டாங்க.

அந்தப் போன எறக்குனா நெட்டு போயிரும், மேடமும் போயிருவாங்க. உறியிலயே வெச்சுத்தான் காட்டோணும்.

பொறவாசலுக்குக் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டுப் போனோம். அதுக்கொரு முக்காலி, முக்காலி மேல ஒரு கூடை, கூடை மேல கம்ப்யூட்டரு. அதோட கண்ணு உறியப் பாத்து இருக்கற மாதிரி சாச்சு வெச்சா. உறியில போன நிக்க வெச்சா, ரெண்டு கயித்துக்கு நடுவுல. நான் நல்ல சேலை கட்டிக்கிட்டு உரலுமேல ஏறி நின்னேன். கொழந்தைய எங்க வெக்கறதுன்னு கேட்டா. "இங்கயே வெய்யி, என்ற காலடியில"ன்னேன். கம்ப்யூட்டருக்கு நல்லாத் தெரியற எடம் அது. தெரியாமச் சொன்னேன்னு நீங்க நெனச்சுக்கிட்டா எனக்கும் சந்தோசந்தான்.

மேடம் வந்தாங்க. கட்டம் கட்டமா இன்னும் ரெண்டு மூணு மொகம். யாரும் சிரிக்கல. எங்க கோழி ஒண்ணு குறுக்க நடந்து போச்சு, அதுக்கும் சிரிக்கல.

"தொடுங்கம்மா"ன்னாங்க.

தொட்டேன். ஒண்ணும் ஆகல.

நுனியத் தொட்டேன். நடுவுல தொட்டேன். எலை செவப்பாவே நின்னுச்சு. பேத்தி மொகம் செத்துப்போச்சு. கம்ப்யூட்டருல எவனோ தொண்டையச் செருமுனான். கீழ பாத்தேன், கொழந்தை என்ற சேலை நுனியப் புடிச்சு வாயில வெச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒலகத்துல ஒரு கவலையும் இல்லாம.

அப்பத்தான் என்ற வெரலப் பாத்தேன். வெடியால பதட்டத்துல கை சும்மா இருக்காம மொளகுக் கதிரு உருவுனேன். வெரலு நுனியெல்லாம் கருத்து, காஞ்சு, மரப்பட்டை மாதிரி. மொளகுக் காலத்துல இந்தக் காஞ்ச வெரலால எத்தன தொட்டாலும் என்ற போனு என்னைய மதிக்கவே மதிக்காது, எனக்குத் தெரிஞ்ச விசயந்தான். பயத்துல மறந்துபோச்சு. வெரல நாக்குல ஒரு நக்கு நக்கி, சேலையில ஒத்தி, 'அரை' மேல வெச்சேன்.

பச்சை.

கம்ப்யூட்டருல மொத சிரிப்பு அந்தச் செருமுனவன்தான் சிரிச்சான். அப்பறம் அல்லாரும். மேடமும்.

"பாட்டிம்மா, இப்ப எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதா?"ன்னு கேட்டாங்க.

"நல்லாத் தெரியுதுங்க. அரை மாத்திரைன்னு போட்டிருக்குதுங்க. ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுமுங்களா? உங்க ஆபீசுக்கு நான் நெட்டு குடுக்கறேன், உரலு குடுக்கறேன், வெரலு குடுக்கறேன். என்ற மக கூப்பிட்டாப் பேசறதுக்கு எனக்கு ஒரு போனு இல்லீங்க."

பேத்தி "அம்மாயி!"ன்னு பல்லக் கடிச்சா. மேடம் சிரிச்சு முடிச்சுட்டு அவ எழுதுனத ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. நடுவுல நிறுத்தி, "இந்த அளவெடுக்கற எடத்துக்கு அப்புச்சின்னு பேரு வெச்சிருக்கியே, அது என்ன?"ன்னு கேட்டாங்க.

பேத்தி என்னையப் பாக்காம, "எங்க தாத்தா மேடம். கொஞ்சம் ஒசரமானவரு"ன்னா.

உரலுமேல நின்னுக்கிட்டு இருந்த எனக்கு அதக் கேட்டதும் என்னமோ மாதிரி ஆயிருச்சு. எவ்வளவு தூரத்துல, எத்தன பேரு போனுக்குள்ள போயி, அந்த மனுசன் சாஞ்சு படுக்கறதுக்கு எடம் கேட்டுக்கிட்டு நிக்கறாரு. உள்ள கால நீட்டிப் படுங்கன்னு மனசுக்குள்ள சொன்னேன்.

மேடம் பேரு மாத்தச் சொல்லல. கொழந்தைய ரொம்ப நேரம் பாத்தாங்க. அதுவும் அவங்களப் பாத்து என்ற சேலையத் துப்பிட்டுச் சிரிச்சுச்சு. சொல்லிக் குடுத்தாக்கூட இப்பிடிச் செய்யாது.

"தவழுதா?"

"தவழுது மேடம்."

"திங்கக்கிழமை வர வேண்டாம். குழந்தை நடக்கற வரைக்கும் அங்கயே இருந்து செய். அப்புறம் பாக்கலாம்"ன்னாங்க.

பேத்தி கம்ப்யூட்டர மூடிட்டு, என்னைய உரலிலருந்து எறக்கி உட்டா. எறக்கிட்டுக் கைய உடல. ரெண்டு பேரும் அழுதோமா சிரிச்சோமான்னு சொல்ல மாட்டேன். கோழி பாத்துச்சு, அதக் கேட்டுக்கோங்க.

மறுநாளு வெளுத்துப்போயி வந்து எறங்குனான் பேத்தி புருசன். விசயத்தக் கேட்டுட்டு எலுமிச்சங்காய மோந்துக்கிட்டே, "எழுத்தப் பெருசாக்குனது யாரு? நானுதான? அப்பப் பெருமையெல்லாம் எனக்குத்தான்"ன்னான். குடுத்துட்டோம். வளைவுல எல்லாத்தையும் உட்டுட்டு வந்த மனுசன், அதையாச்சும் வாங்கிக்கட்டும்.

உறியில போனு இன்னும் தொங்குது. நான் இன்னும் உரலேறித்தான் பேசறேன். இப்ப எனக்கு இருக்கறது ஒரே ஒரு கவலை. நேத்துக் கொழந்தை தூணப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுச்சு. கைய உட்டுட்டு, ஒரு காலத் தூக்கி, எங்க வெக்கலாம்னு ரோசன பண்ணுச்சு. பேத்தி உள்ள வேலையா இருந்தா. நான் பக்கத்துல போயி, மெதுவா அதோட இடுப்பப் புடிச்சுக் கீழ ஒக்கார வெச்சேன்.

"என்ன சாமி அவசரம்? தவழறதும் நல்லாத்தான இருக்குது"ன்னேன்.

மறுபடியும் எந்திரிக்குது. அப்புச்சி காலு அதுக்கு.